அக்கா வீட்டு பாத்ரூம் கதவு

முப்பத்தெட்டு வருஷம் அடுத்தவர் வீட்டு பாத்ரூமில் நின்றே காலத்தைக் கழித்தவன் நான். யாராவது கேட்டால் பிளம்பர் என்று சொல்வேன். உண்மையில் குழாயோடு நின்ற வேலை இல்லை அது. டைல்ஸ் ஒட்டுவது, ஓதம் ஏறிய சுவரைச் சுரண்டிப் பூசுவது, அடைப்பு எடுப்பது, கதவு மாட்டுவது எல்லாம் என் தலையில்தான் விழும். கடலூரில் பழைய பாத்ரூமைக் கையைக் கடிக்காமல் புதுசாக்க வேண்டும் என்றால் கலியமூர்த்தியைக் கூப்பிடு என்பார்கள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று என் வீட்டுக்காரி கேட்பாள். இருக்கிறது, அவளுக்குத் தெரியாது.

என்னோடு வேலை பார்த்துவிட்டு இப்போது தனியாகக் காண்ட்ராக்ட் எடுக்கிற சேகர் போன மாதம் போன் செய்தான். "அண்ணே, ஒரு பார்ட்டி பாத்ரூம் கதவு உள்பக்கம்தான் தொறக்கணும்னு நிக்கிறாங்க. நீங்களா இருந்தா வேலையே வேணாம்னு கெளம்பிடுவீங்க. அப்பிடி என்னாண்ணே ஒங்களுக்கு அந்தக் கதவு மேல கோவம்?" என்றான். "வெளிப்பக்கம் போடு, இல்ல வேலைய விடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவனுக்கு முழுசாகப் பதில் சொல்ல அப்போது வாய் வரவில்லை. என் அக்கா வசந்தா போன ஆவணியில் காலமாகிவிட்டாள். அவள் இருந்தவரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இனிமேல் சொன்னால் யார் மனசும் நோகப் போவதில்லை, என் மனசைத் தவிர.

தொழில் கற்ற கதையை நீட்ட விரும்பவில்லை. முதுநகரில் இரும்புக் குழாய்க்கு மரை வெட்டக் கற்றேன், கொத்தனாருக்குக் கலவை போட்டேன், நாலைந்து பேரிடம் திட்டு வாங்கினேன், அவ்வளவுதான். எனக்கு உண்மையில் தொழில் தெரிந்தது 2004-இல் காதர் பாயிடம் போய்ச் சேர்ந்த பிறகு. அப்போது எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வேலை தெரியும் என்ற திமிரோடுதான் போனேன்.

காதர் பாய் வீடு கட்டும் காண்ட்ராக்ட் எடுக்க மாட்டார். பழைய வீடுகளில் பாத்ரூம் புதுப்பிக்கும் வேலை மட்டும்தான். வெள்ளைக் கைலி, முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு பென்சில். முதல் நாள் போகும்போது டேப்பு கூட எடுத்து வர மாட்டார். வீட்டம்மாவிடம், "அம்மா, உள்ள போயி கொஞ்ச நேரம் ஒக்காந்து பாக்கலாமா?" என்று அனுமதி கேட்பார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பார். வெளியே நிற்கிற எனக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சமாக இருக்கும். பிறகு என்னைக் கூப்பிடுவார். நாலு மூலையிலும் ஒவ்வொரு சொம்பு தண்ணீர் ஊற்றச் சொல்லி, அது எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்ப்பார். ஒரு ரூபாய்க் காசை எடுத்து ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டுவார். டொக்கு டொக்கு என்று பொள்ளலாகச் சத்தம் வந்தால் பென்சிலால் பெருக்கல் குறி. கெட்டியாக இருந்தால் விட்டுவிடுவார். அதை உடைக்க வேண்டியதில்லை, ஆசிட் போட்டுக் கழுவி இடுக்கில் ஒயிட் சிமெண்ட் அடைத்தால் போதும்.

கடைசியில் வீட்டம்மாவிடம் கேட்பார். "வீட்ல எத்தன பேரு? யாரு மொதல்ல எழுந்து போவாங்க? முட்டி வலி யாருக்கு? ராத்திரில எத்தன தடவ எழுந்துருப்பாங்க?" இதெல்லாம் முடிந்த பிறகுதான் செலவுப் பேச்சு. சிமெண்ட் மூட்டைக் காகிதத்தைக் கிழித்து நடுவில் ஒரு கோடு போடுவார். இந்தப் பக்கம் 'விடலாம்', அந்தப் பக்கம் 'விடக் கூடாது'. சுவர் டைல்ஸ் மேலே வரைக்கும் வேண்டாம், நாலடி போதும். குழாயைச் சுவருக்குள் புதைக்க வேண்டாம், வெளியே ஓடட்டும். பளபளக்கிற குழாய் வேண்டாம். கண்ணாடி பழசே இருக்கட்டும். இதெல்லாம் விடலாம் பக்கம். அந்தப் பக்கத்தில் எப்போதும் மூன்றே மூன்றுதான். தண்ணீர் வடியத் தரை வாட்டம், ஓதத்துக்குப் பூச்சு, கதவு. "இந்த மூணுல கொறைச்சாதான் ஆவும்னா வேலைய இன்னும் ஆறு மாசம் தள்ளிப் போடுங்கம்மா" என்பார்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிடுவார். "ஏம்ப்பா கலியமூர்த்தி" என்று கூப்பிடுகிறவர் "நீங்க" என்று தொடங்கினால் அன்றைக்கு நமக்குச் சனி என்று அர்த்தம்.

அந்த "நீங்க"வை நான் முதலில் வாங்கியது செம்மண்டலத்தில். ஒரு கிளார்க் வீடு. பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் பாத்ரூம் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்றார்கள். பாய் ஊரில் இல்லை. பழைய மொசைக் தரையை உடைத்து அள்ள நேரமில்லை என்று அதன் மேலேயே டைல்ஸை ஒட்டிவிட்டேன். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பாட்டி போய்க் கால் கழுவினாள். உள்ளே தரை ஏறிவிட்டது அல்லவா, தண்ணீர் அத்தனையும் வாசற்படியைத் தாண்டிக் கூடத்துக்கு வந்து ஜமக்காளத்தை நனைத்துவிட்டது. ஊருக்குத் திரும்பிய பாய் கூடத்தைப் பார்த்தார், பாத்ரூமைப் பார்த்தார். "நீங்க அளந்து பாத்தீங்களா, இல்ல அளக்கவே இல்லீங்களா?" என்றார். மறுநாள் நானே என் கையால் எல்லாவற்றையும் உடைத்தேன். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் அந்த இடத்திலேயே அமைந்துவிட்டது என்பதால் இதை இப்போது சிரித்துக்கொண்டு சொல்ல முடிகிறது.

கதவு விஷயத்தைப் பாய் எனக்கு விளக்கியது திருவந்திபுரத்தில் ஒரு வேலையின்போது. தனியாக இருக்கிற ஒரு பெரியவர் வீடு. கதவு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பாய் அதைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டச் சொன்னார். நல்ல கதவை எதற்கு நோண்ட வேண்டும் என்று நான் முனகினேன். என்னை உள்ளே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"இங்க ஒருத்தர் மயக்கமாயி வுழறாருன்னு வையி. எங்க வுழுவாரு?"

சுற்றிப் பார்த்தேன். ஒரு பக்கம் கமோடு, ஒரு பக்கம் தொட்டி. மிச்சம் இருக்கிற இடம் கதவடிதான்.

"கதவு மேலதான் வுழுவாரு. கதவு உள்ள தொறக்கறதா இருந்தா வெளிய நாலு பேரு நின்னாலும் தள்ள முடியாது. தள்ளுனா அவரு மேலயே இடிக்கும். வெளிய தொறந்தா இழுத்தா வந்துரும்" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் இதை நானே என் வாயால் சொல்லியிருக்கிறேன். எனக்குத் தெரியாமல் நடந்துபோயிற்று என்று சொல்ல வழியில்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவை சிதம்பரத்தில் கொடுத்திருந்தது. மாமா ராமலிங்கம் பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். கடலூர்–சிதம்பரம் தடத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. நல்ல உயரம், கணீரென்ற குரல், சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் முடிவதற்குள் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அக்காதான் தூக்கி உட்கார வைப்பாள், குளிப்பாட்டுவாள், எல்லாம். ஒரு வருஷம் எண்ணெய் தேய்த்து, நடை பழகி, கோலூன்றிக் கூடம் வரைக்கும் வருகிற அளவுக்குத் தேறினார். பாத்ரூம் மட்டும் முடியவில்லை. கொல்லைப் பக்கம் ஐந்துக்கு நாலடியில் பழைய காலத்துக் கக்கூஸ், குந்தி உட்காருகிற பேசின், பெயர்ந்த சிமெண்ட் தரை, துருப்பிடித்த தகரக் கதவு. அக்கா அவரை அக்குளில் தாங்கிப் பிடித்து உட்கார வைத்துவிட்டு எதிரிலேயே நிற்க வேண்டும்.

2009-இல் ஒரு நாள் அக்கா போன் செய்தாள். "கலியா, கைல பெருசா ஒன்னும் இல்லடா. இருக்கறத வச்சி அத கொஞ்சம் சரி பண்ணிக் குடு. அவரு தானா போயிட்டு தானா வந்தாப் போதும் எனக்கு. தெனம் அவரு மூஞ்சியப் பாக்க முடியலடா" என்றாள்.

பாயிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் லீவு கேட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நான் ஒரு தடவ வந்து பாக்கட்டுமாப்பா?" என்றார்.

"வேணாம் பாய். நம்ம வூட்டு வேலதான, நானே பாத்துக்கறேன்" என்றேன். அவர் வந்து பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. அக்காவுக்கு நான் பெரிதாக ஒன்றும் செய்ததில்லை. இது ஒன்றையாவது முழுக்க என் கையால் செய்து கொடுக்க வேண்டும் என்று ஆசை. அந்த ஆசைதான் என் கண்ணை மறைத்தது.

நாலு ஞாயிறு போனேன். சாக்கில் டைல்ஸைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினால் கண்டக்டர்கள் முகம் சுளிப்பார்கள். "ராமலிங்கம் அண்ணன் வூட்டுக்கு" என்று சொன்னால் போதும், "வைங்க வைங்க, அண்ணன் எப்பிடி இருக்காரு?" என்று அவர்களே ஒரு கை பிடிப்பார்கள். டைல்ஸ் எல்லாம் பல வீடுகளில் மிஞ்சியவை. சொரசொரப்பாக இருந்ததைப் பொறுக்கித் தரைக்கு எடுத்து வைத்தேன். மூன்று நிறம் கலந்திருந்தது. கமோடு, ஒரு வீட்டில் நிறம் பிடிக்கவில்லை என்று கழற்றிப் போட்டது. யாரோ உட்கார்ந்ததா என்று அக்கா முகத்தைச் சுளித்தாள். பிளீச்சிங் போட்டு மூன்று தடவை கழுவினாள், அப்புறம் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள், கடைசியில் அதற்கு ஒரு பொட்டும் வைத்துவிட்டாள். மாமா கூடத்தில் உட்கார்ந்தபடி, "கர்ப்பூரம் காட்டுடி, அதையும் ஏன் வுடுற" என்றார். அன்றைக்கு மூன்று பேரும் சிரித்தோம்.

தரையை வாட்டம் பிசகாமல் போட்டேன். கமோடு பக்கத்தில் அவர் வலது கை பிடிக்க இரும்புக் குழாயை வளைத்துப் பெயிண்ட் அடித்துச் சுவரில் பதித்தேன். குழாயை உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் வைத்தேன். எல்லாம் பாய் சொல்லிக்கொடுத்த மாதிரிதான் செய்தேன். மிச்சம் இருந்தது கதவு ஒன்று.

சமையல்கட்டிலிருந்து கொல்லைக்குப் போகிற சின்ன நடையில்தான் பாத்ரூம் வாசல். அதற்கு எதிர்ச் சுவரில் ஒரு சிமெண்ட் பலகை, அதுதான் சாமி இடம். படங்கள், ஒரு காமாட்சி விளக்கு, திருநீற்றுக் கிண்ணம். புதுசாக வாங்கிய பிளாஸ்டிக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டப் போனேன். அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"வெளிய தொறந்தா சாமி பலகைல இடிக்கும்டா. கக்கூஸ் கதவு வெளக்குல போயி முட்டுனா நல்லாவா இருக்கும்? பழைய மாதிரி உள்ளயே தொறக்கட்டும்."

"சாமிய கூடத்துக்கு மாத்திக்கலாம்கா."

"எங்க மாமியா காலத்துலேர்ந்து அங்கதான் இருக்குது. இவரு இருக்கற இருப்புல நான் சாமிய நவுத்தி வச்சி, அதுக்கப்பறம் ஏதாவது ஒன்னு ஆச்சின்னா?"

பயம் அவள் கண்ணில் தெரிந்தது. ஒரு வருஷமாகப் பயந்து பயந்தே வாழ்ந்தவள். பார்க்கவும் கதவு பலகையில் இடிக்கும் போலத்தான் இருந்தது. வேறு வீடாக இருந்தால் பாய் சொன்னதைச் சொல்லி அரை மணி நேரம் வாதாடியிருப்பேன். அக்காவிடம், மாமா காதில் விழ, "அவர் உள்ளே விழுந்தால்" என்று எப்படிச் சொல்வது? சரி என்று உள்பக்கம் திறக்கும்படியே மாட்டிவிட்டேன். "தாழ்ப்பா மட்டும் வைக்காதடா" என்று அக்கா சொல்லிவிட்டுப் போனாள். அதைக் கேட்டதும், அட, அவளே சொல்லிவிட்டாள், ஆபத்தில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அக்கா பால் வாங்கப் போனபோது மாமா என்னைக் கூப்பிட்டார்.

"மச்சான், உள்ள ஒரு தாழ்ப்பா வையி."

"அக்கா வேணாங்குது மாமா."

"அவ அப்பிடித்தான் சொல்லுவா." வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததால் நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவார். "ஒரு வருசமா எல்லாமே அவ கண்ணு முன்னாடிதான் நடக்குது. அவ ஒன்னும் சொல்லல. எனக்குத்தான் செத்துடலாம் போல இருக்குது. கதவ சாத்தி, தாழ்ப்பா போட்டு, ஒரு ஆம்பளையா ஒக்காரணும் மச்சான். அவ்ளோதான் கேக்கறேன். அவகிட்ட சொல்லாத."

முப்பது வருஷம் ஒரு பஸ்ஸையே கட்டி ஆண்ட மனுஷன் என்னிடம் நாலு அங்குலத் தாழ்ப்பாளுக்குக் கெஞ்சினார். மறுக்க எனக்கு மனசு வரவில்லை. கடைக்கு ஓடிச் சின்ன அலுமினியத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கி வந்தேன். மேலே வைத்தால் அக்கா கண்ணில் படும் என்று, கமோடில் உட்கார்ந்தபடி எட்டுகிற மாதிரி கீழே வைத்தேன். மாமா கோலை ஊன்றிப் போனார், கதவைச் சாத்தினார், தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து பஸ் தகரத்தைத் தட்டுகிற மாதிரி கதவை இரண்டு தட்டுத் தட்டி, "ரைட், போலாம்" என்றார். நான் அந்த நடையில் நின்று வாய்விட்டு அழுதேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு என் தொழிலில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

ஏழு மாதம் அவர் தானாகப் போய்த் தானாக வந்தார். அக்கா போன் செய்யும்போதெல்லாம் அதைத்தான் சொல்வாள். "சட்டைய அவரே போட்டுக்கிறாருடா. மொகத்துல களை வந்துட்டுது" என்பாள்.

ஒரு நாள் காலை, நான் முதுநகரில் ஒரு வீட்டில் குழாய் மாட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அக்கா இல்லை, பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர். "ஒடனே கெளம்பி வாங்க" என்றார்.

நடந்ததை அவர் பிறகு சொன்னார். மாமா விடிகாலையில் போயிருக்கிறார். அக்கா காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். தொப்பென்று சத்தம். கூப்பிட்டாள், பதில் இல்லை. கதவைத் தள்ளினாள், திறக்கவில்லை. கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். ஆட்டோக்காரர் வந்து தோளால் ஒரு இடி இடித்தார், கதவு ஒரு விரற்கடை நகர்ந்தது. அதற்கு மேல் போகவில்லை. உள்ளேயிருந்து மாமா முனகுகிற சத்தம் கேட்டது. இன்னும் தள்ளினால் முனகல் அதிகமாயிற்று. பயந்து நிறுத்திவிட்டார்கள். ஒருவர் பின்னால் ஏறிக் கூரையைப் பிரிக்கப் பார்த்தார். கடைசியில் கோடாலி கொண்டுவந்து கதவை மேலேயிருந்து பிளந்து, துண்டு துண்டாகப் பெயர்த்து எடுத்தார்கள். அதற்குள் நேரம் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது உயிர் இருந்திருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது இல்லை.

எடுப்பதற்கு முன் வீட்டில் கூட்டம். ஏன் கதவைத் திறக்க முடியவில்லை என்று ஒருவர் கேட்க, "உள்ள தாழ்ப்பா போட்டிருந்தாராம்" என்று இன்னொருவர் சொன்னார். அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"தாழ்ப்பா வைக்காதன்னு படிச்சிப் படிச்சிச் சொன்னேனேடா. யாரக் கேட்டு வச்ச?"

அத்தனை பேரும் திரும்பினார்கள். நான் எழுந்து கொல்லைக்குப் போனேன். உடைத்த கதவைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். தாழ்ப்பாள் ஒரு ஸ்க்ரூவில் தொங்கியது. மற்றவை முதல் இடியிலேயே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. பிளாஸ்டிக் கதவில் சின்ன ஸ்க்ரூ எவ்வளவு தாங்கும்? அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது தாழ்ப்பாள் இல்லை. மாமாவின் உடம்பு. கதவு வெளிப்பக்கம் திறக்கிறதாக இருந்திருந்தால் அந்தத் தாழ்ப்பாளோடு சேர்த்து ஒரே இழுப்பில் வந்திருக்கும்.

சாவுக்கு வந்திருந்த காதர் பாயும் பின்னால் வந்து நின்றார். கதவைப் பார்த்தார். நிலையில் கீல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"வாங்க கலியமூர்த்தி. நீங்க வந்து கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றார்.

அந்த "நீங்க" என்னை எரித்துவிட்டது.

திரும்பக் கூடத்துக்குப் போய், "என் தப்புதாங்கா. நானாத்தான் வச்சேன்" என்றேன். வேறு என்ன சொல்வது? மாமா கேட்டார் என்றால் செத்துக் கிடக்கிறவர் மேல் பழி. தாழ்ப்பாள் இல்லை, கதவு திறந்த திசைதான் காரணம் என்றால், சாமி பலகைக்காக அப்படி மாட்டச் சொன்னது யார் என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டு அவள் எப்படி உயிரோடு இருப்பாள்? எல்லோரும் தாழ்ப்பாள் என்றே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மச்சான் வைத்த தாழ்ப்பாள் என்று சொந்தத்தில் பேச்சானது. அக்கா அதற்குப் பிறகு எனக்குப் போன் செய்யவில்லை. என் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனேன். வாசலில் நின்றே வாங்கிக்கொண்டாள், கல்யாணத்துக்கு வரவில்லை. அத்தை முறை செய்ய ஆள் இல்லாமல் ஒன்றுவிட்ட தங்கையைக் கூப்பிட்டு நிறுத்தினோம். என் மனைவி அன்றைக்கு அழுததை நான் மறக்கவில்லை. அவளிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

வேலையில் எனக்குக் கெட்ட பெயர் வந்தது அப்போதுதான். கதவு உள்பக்கம் வேண்டும் என்று கேட்கிற வீடுகளில் கத்த ஆரம்பித்தேன். சாமான்களைச் சாக்கில் போட்டுக்கொண்டு பாதியில் கிளம்பி வந்திருக்கிறேன். கலியமூர்த்திக்கு மூளை பிசகிவிட்டது என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

தானே புயல் அடித்துக் கடலூரே தலைகீழாகக் கிடந்த சமயம், 2012 பொங்கலுக்குச் சில நாள் முன்பு அக்காவிடமிருந்து போன். "கூரை ஓடு பறந்துடுச்சி. வந்து போட்டுக் குடு" என்றாள். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. மறுநாளே போனேன்.

தலை முழுக்க நரைத்திருந்தது அவளுக்கு. பாத்ரூமுக்குக் கதவே இல்லை. உடைத்த நாளிலிருந்து ஒரு பழைய புடவையைத்தான் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். கூரைக்கு ஷீட் போட்டு முடித்தேன். நடையில் சுவரோரம் ஒரு புதுக் கதவு சாய்ந்திருந்தது. அவளே வாங்கி வைத்திருக்கிறாள்.

"கதவயும் மாட்டிடு. வெளிய தொறக்கற மாதிரி போடு" என்றாள்.

திரும்பி எதிர்ச் சுவரைப் பார்த்தேன். சிமெண்ட் பலகை காலியாக இருந்தது. எண்ணெய்க் கறை மட்டும்.

"சாமி எங்கக்கா?"

"கூடத்துல."

"எப்ப மாத்துன?"

"கருமாதி முடிஞ்ச மறுநாளு."

அப்படியென்றால் முதலிலிருந்தே அவளுக்குத் தெரியும். எனக்குக் கோபம்தான் வந்தது. ஊர் முழுக்க என்னைப் பேசியதை, என் மகள் கல்யாணத்தை, எல்லாவற்றையும் நினைத்துக் கொதித்தது. கத்திவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவள் தரையைப் பார்த்தபடி பேசினாள்.

"தாழ்ப்பா பேந்து தொங்குனத நானுந்தான்டா பாத்தேன். நான் தள்ளத் தள்ள அவரு மொனகுனாரு, என் காதுலதான கேட்டுது. ஆனா நாலு பேரு முன்னாடி ஒன்னக் கேட்டுட்டேன். நீயும் ஒத்துக்கிட்ட. அதுக்கப்பறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஒன்னக் கூப்புடுறது?" புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். "நாந்தான்டா இடிக்கும்னு சொன்னேன்."

என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "விடுக்கா" என்றேன்.

"தாழ்ப்பா அவருதான கேட்டாரு?"

"ஆமாங்கா."

"கேப்பாரு. அவருக்கு ரோசம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு, காப்பி போடுகிறேன் என்று எழுந்து போனாள்.

நான் கதவு மாட்டும் வேலையைப் பார்த்தேன். பழைய நிலைதான். கீலுக்கு வெளிப்பக்கம் மூன்று இடத்தில் உளியால் பள்ளம் எடுத்து, கதவைத் தூக்கி நிறுத்தி முடுக்கினேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வேலை முடிந்ததும் கதவைத் திறந்து பார்த்தேன். இடிக்கும் என்று நினைத்துக் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டேன். கதவு சாமி பலகைக்கு முன்னால் தாராளமாகச் சுற்றிக்கொண்டு போய் வாசலை ஒட்டிய சுவரில் சாய்ந்தது. நம்பாமல் மறுபடியும் திறந்தேன். பழைய கதவுக்கும் இதே அகலம்தான். கதவுக்கும் பலகைக்கும் நடுவே நாலு விரல் இடம் இருந்தது.

அக்கா சமையல்கட்டிலிருந்து, "இடிக்குதாடா?" என்று கேட்டாள்.

"இடிக்குதுக்கா. நல்லவேள, சாமிய மாத்திட்ட" என்றேன். உளியை எடுத்து அந்தப் பலகையைச் சுவரோடு வெட்டி எடுத்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினேன்.